பக்கத்தில் நிற்பவர் தரும் தைரியம்: தொலைக்காட்சி நகைச்சுவைக் குழுக்கள் எப்படி உருவாகின்றன?

தொலைக்காட்சியில் ஒரு காமெடி நிகழ்ச்சி ஹிட் ஆகிவிட்டால் ஒரே ஒரு பெயர்தான் ஊர் வாயில் விழும். "அவரு டைமிங் செம" என்போம். அந்த டைமிங்குக்கு இடம் கொடுத்து எதிரே நின்றவர் பெயர் பலருக்குத் தெரிந்திருக்காது. தர்மபுரி பேருந்து நிலையத்தில் பென்னாகரம் வண்டிக்குக் காத்திருக்கும் பையன்கள் செல்போனில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கும் பழைய காமெடித் துணுக்குகளில் ஏதாவது ஒன்றை எடுத்து, ஒருமுறை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். வசனம் பேசுபவரைவிட அதைக் கேட்டுக்கொண்டிருப்பவர் முகத்தில்தான் கண் போய் நிற்கும். அவர் பதில் சொல்ல வாயைத் திறப்பார், சொல்ல வந்ததை விழுங்குவார், பக்கத்தில் இருப்பவரை ஒரு பார்வை பார்ப்பார். நாம் சிரிப்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

நடிக்க வருபவருக்குத் தன்னம்பிக்கை வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் குழுவாகச் செய்யும் நகைச்சுவையில் அந்தத் தைரியம் அவரவர் நெஞ்சுக்குள்ளிருந்து ஊறுவதைவிடப் பக்கத்தில் நிற்பவரிடமிருந்து வருவதே அதிகம் என்பது என் கருத்து. கூத்து பார்த்து வளர்ந்த தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். அதற்குப் பின்னால் வருகிறேன். முதலில் தொழில் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

ஒரு சிரிப்பு விழுவதற்கு மூன்று வேலை நடக்க வேண்டும். ஒருவர் எடுத்துக் கொடுக்க வேண்டும், இன்னொருவர் கவுன்டர் அடிக்க வேண்டும், மூன்றாமவரோ எடுத்துக் கொடுத்தவரோ அதை முகத்தில் வாங்க வேண்டும். இந்த மூன்றுக்கும் நடுவில் சின்னச் சின்ன இடைவெளிகள் உண்டு. அந்த இடைவெளியில் காத்திருக்கத் தெரிவதற்குப் பெயர்தான் டைமிங். பயந்த நடிகரால் காத்திருக்க முடியாது. அரை நொடி மௌனம் வந்தாலே "எடுபடவில்லையோ" என்று பதறி அடுத்த வரியை அவசரமாகப் போட்டுவிடுவார், இல்லையென்றால் குரலை உயர்த்துவார். எடுபட வேண்டிய வரி அங்கேயே செத்துப்போகும். நாம் "ஓவர் ஆக்டிங்" என்று திட்டும் பலரைக் கவனித்தால், அவர்கள் எதிரில் இருப்பவர் கைகொடுப்பார் என்ற நம்பிக்கை இல்லாமல் எல்லா வேலையையும் தானே இழுத்துப்போட்டுச் செய்பவர்களாக இருப்பார்கள். எப்படிச் சொதப்பினாலும் எதிரில் இருப்பவர் தூக்கி நிறுத்துவார் என்று தெரிந்தவருக்குக் கத்த வேண்டிய தேவையே இல்லை.

இதில் தொலைக்காட்சிக்கென்றே ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. சிரிப்பை ஆய்வு செய்த அமெரிக்க நரம்பியல் அறிஞர் ராபர்ட் புரோவைன், மனிதர்கள் தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிடக் கூட்டத்தில் சுமார் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்று கண்டார். நாம் சிரிக்கும் தருணங்களில் ஜோக் என்று சொல்லத்தக்க ஒன்றைத் தொடர்ந்து வருபவை 10 முதல் 20 சதவீதம்தான் என்பதும் அவருடைய கணக்கு. மீதியெல்லாம் "அட, நீயா?", "சரி, கிளம்பலாமா?" போன்ற சாதாரணப் பேச்சுக்குப் பின்னால் வருபவை. சிரிப்பின் வேர் உறவில் இருக்கிறது, சொல்லில் இருப்பது கொஞ்சம்தான். ஆனால் படப்பிடிப்புத் தளத்தில் கூட்டம் கிடையாது. கேமராக்காரர், லைட்மேன், மேக்கப்காரர் என்று ஆட்கள் நிறைய நின்றாலும் 'டேக்' போகும்போது ஒருவரும் சிரிக்கக் கூடாது. மேடை நடிகருக்கு எதிரே ஆயிரம் பேர் இருந்து "சரியாகப் போகிறது" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். தொலைக்காட்சி நடிகருக்கு அதைச் சொல்ல எதிரில் நிற்கும் சக நடிகரின் கண்கள் மட்டும்தான் உண்டு.

தமிழ்த் தொடர்கள் பலவற்றில் இது இன்னும் கடினம். உதவி இயக்குநர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று வசனத்தைச் சத்தமாகப் படிப்பார். அதைக் கேட்டு நடிகர் திருப்பிச் சொல்வார். குரல் பிறகு டப்பிங்கில் சேரும். இந்தப் பிராம்ப்டிங் முறையில் நடிகரின் ஒரு காது எப்போதும் உதவி இயக்குநரிடமே இருக்கும், எதிரில் இருப்பவர் என்ன தொனியில் சொன்னார் என்று கேட்க நேரமிருக்காது. அழுகைக் காட்சியை இப்படி ஓட்டிவிடலாம். காமெடி இதில் கருகிவிடும்.

அமெரிக்காவில் 1951-இல் தொடங்கிய 'ஐ லவ் லூசி' தொடர் இதற்கு ஒரு வழி கண்டது. ஸ்டுடியோவுக்குள்ளேயே பார்வையாளர்களை உட்காரவைத்து, மூன்று ஃபிலிம் கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, காட்சியை நாடகம்போல முழுதாக நடித்துக் காட்டினார்கள். ஒருவர் பேசுவதும் மற்றவர் வாங்குவதும் அதே கணத்தில் பதிவாகும். ஒற்றைக் கேமராவில் அப்படி முடியாது. முதலில் இருவரையும் வைத்து ஒரு ஷாட், பிறகு ஒருவருடைய குளோஸ், அப்புறம் லைட்டை மாற்றி மற்றவருடைய குளோஸ். இரண்டாமவரின் முகத்தை எடுக்கும்போது முதலாமவர் ஃப்ரேமிலேயே இருக்கமாட்டார். அவருக்கு அங்கே வேலை முடிந்தது. சேரில் போய் உட்காரலாம், போன் பேசலாம், டீ குடிக்கலாம்.

ஒரு குழுவின் நட்பு உண்மையா என்று இங்கேதான் தெரியும். நல்ல குழுவில் அவர் போகமாட்டார். கேமராவுக்குப் பக்கத்தில், படத்தில் விழாத இடத்தில் நின்று, அதே வசனத்தை அதே வேகத்தில், அதே கிண்டலோடு மறுபடி சொல்வார். தன் முகம் வராத ஒரு ஷாட்டுக்காக முழு நடிப்பையும் போடுவார். அவர் எழுந்து போய்விட்டால் இரண்டாமவர் ஒரு சுவரையோ, பேப்பரைப் பார்த்து ஒப்பிக்கும் உதவியாளரையோ பார்த்து 'ரியாக்ஷன்' கொடுக்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் நமக்குக் காரணம் தெரியாது. "ஏதோ ஒட்டவில்லையே" என்று மட்டும் தோன்றும்.

கூத்து மேடையில் இதே வேலை

இந்தப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவில் விடிய விடியக் கூத்து பார்த்தவர்களுக்கு மேலே சொன்னதெல்லாம் புதிதாக இருக்காது. கூத்தின் கோமாளியும் அறிவிப்பாளருமான கட்டியக்காரன் முதலில் வருகிறான். திரையை இருவர் பிடிக்க, அதற்குப் பின்னால் ராஜா வேஷம் நிற்கிறது. திரை விலகியதும் கட்டியக்காரன் "யாருய்யா நீ? எந்த ஊரு?" என்று கேட்பான். ராஜா தன் பெருமையைப் பாடுவார். பின்பாட்டுக்காரர்கள் ஒவ்வொரு அடியையும் திருப்பி எடுப்பார்கள். மிருதங்கமும் முகவீணையும் ஆர்மோனியமும் தாளமும் கூடவே போகும். ராஜாவின் கம்பீரத்தை ஏற்றுவதும் இறக்குவதும் கட்டியக்காரன் கையில் இருக்கிறது.

பென்னாகரம் பக்கம் ஒரு கிராமத்தில் பார்த்த காட்சி. துரியோதனன் வேஷம் கட்டியவருக்கு வயது கொஞ்சம் அதிகம். இரவு இரண்டு மணிக்கு மேல் இருக்கும். பாட்டின் நடுவில் அடுத்த அடி வரவில்லை. நின்றுவிட்டார். அந்த மௌனம் கூட்டத்துக்குத் தெரிவதற்குள் கட்டியக்காரன் முன்னால் வந்து, "என்ன ராசா முழிக்கிற? கிரீடம் கனக்குதா, இல்ல தம்பிங்க தொண்ணூத்தொம்பது பேரும் சோறு கேட்டு அனுப்பிச்சாங்களா?" என்றான். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு அடியில் பின்பாட்டுக்காரர் அடுத்த அடியின் முதல் இரண்டு சொல்லை மெல்ல எடுத்துவிட்டார். துரியோதனன் கட்டியக்காரனைப் பார்த்து "அடே!" என்று ஒரு அதட்டுப் போட்டுவிட்டு, அதே வேகத்தில் பாட்டைப் பிடித்துக்கொண்டு போனார். முன்வரிசையில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு அவர் மறந்ததே தெரியாது. மீதிப் பேர் அந்த அதட்டலை நடிப்பின் உச்சம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

நடந்ததைப் பிரித்துப் பார்த்தால் மூன்று விஷயம் தெரியும். கட்டியக்காரன் பெரியவரைக் கிண்டல் செய்தான், ஆனால் கீழே விழவிடவில்லை. பின்பாட்டுக்காரர் உதவினார், உதவியதைக் காட்டிக்கொள்ளவில்லை. பெரியவரும் அதைச் சட்டென்று வாங்கிக்கொண்டார், தன் கௌரவம் போய்விட்டதாக நினைக்கவில்லை. ஒரே செட்டில் (கூத்துக் குழுவில்) பல சீசன் சேர்ந்து ஆடி, ஒரே வேனில் ஊர் ஊராகப் போய், ஒரே இலையடியில் சாப்பிட்டவர்களுக்குத்தான் இது கைவரும். ஒத்திகையில் இதைச் சொல்லிக்கொடுக்க முடியாது, ஏனென்றால் எந்த அடி மறக்கும் என்று ஒத்திகையில் யாருக்கும் தெரியாது.

தமிழ்த் தொலைக்காட்சிக்குக் குழு எங்கிருந்து வந்தது

ஆரம்பத்தில் தொலைக்காட்சி குழுக்களை உருவாக்கவில்லை. ஏற்கெனவே உருவானவற்றை வாங்கிக்கொண்டது. எஸ்.வி.சேகரின் நாடகப்பிரியா போன்ற சபா நாடகக் குழுக்கள் தூர்தர்ஷனுக்கு வந்தபோது, மேடையில் பல காட்சிகள் சேர்ந்து நடித்த பழக்கமும் கூடவே வந்தது. 1979-இல் தொடங்கிய கிரேசி கிரியேஷன்ஸ் இதற்குத் தெளிவான சான்று. கிரேசி மோகன் எழுத, அவர் தம்பி பாலாஜி மாது என்ற பாத்திரமாக நிற்க, அதே முகங்கள் பல பத்தாண்டுகள் அந்தக் குழுவில் இருந்தன. பாத்திரப் பெயரே ஆளின் பெயராக ஒட்டிக்கொள்ள, அவர்கள் மாது பாலாஜி, சீனு மோகன் என்று அறியப்பட்டார்கள். அவர்களுடைய வசன வேகத்தை நினைத்துப் பாருங்கள். ஒருவர் சொல்லின் வாலைப் பிடித்து இன்னொருவர் அடுத்த சிலேடைக்குத் தாவுவார். மூச்சுவிடும் இடம்கூட மற்றவருக்கு மனப்பாடமாக இல்லாவிட்டால் அந்த வேகம் வராது.

செயற்கைக்கோள் சேனல்கள் வந்தபிறகு கதை மாறியது. 2005-இல் விஜய் டிவியில் தொடங்கிய 'கலக்கப்போவது யாரு' தனி ஆளை மேடையில் நிறுத்தியது. மிமிக்ரி, ஸ்டாண்ட்-அப், நடுவர் மதிப்பெண். இதனால் நடந்த நன்மை பெரிது. சென்னை சபாக்களின் வாசலே தெரியாத சின்ன ஊர்ப் பையன்களும் பெண்களும் முதல்முறையாக உள்ளே வந்தார்கள். சிவகார்த்திகேயன் அந்த மேடையிலிருந்துதான் வந்தார். அறந்தாங்கி நிஷாவைத் தமிழ்நாடு அறிந்ததும் அங்கேதான். ஆனால் போட்டி என்பதன் இயல்பே பக்கத்தில் நிற்பவரைத் தாண்டிப் போவது. பக்கத்தில் நிற்பவர் சிரிப்பு வாங்கினால் நம் மதிப்பெண்ணுக்கு ஆபத்து என்ற நிலையில் யாரும் யாருக்கும் எடுத்துக் கொடுக்க மாட்டார்கள்.

என் பார்வையில், தமிழ்த் தொலைக்காட்சியின் மிக முழுமையான நகைச்சுவைக் குழு 'லொள்ளு சபா'தான். 2000-களின் நடுப்பகுதியில் ராம்பாலா இயக்கத்தில், திரைப்படங்களை நையாண்டி செய்து வந்தது. செட் எளிமையானது. அட்டை, சாயம், கிடைத்த சட்டை. ஆனால் அதே சில முகங்கள் ஒரு வாரம் கதாநாயகன், அடுத்த வாரம் அடியாள், இன்னொரு வாரம் அம்மா என்று சுற்றிச் சுற்றி வந்தார்கள். இந்தச் சுழற்சி ஒரு பெரிய வேலை செய்தது. இன்று நடுவில் நிற்பவருக்கு நாளை ஓரத்தில் நிற்க வேண்டும் என்று தெரியும். ஓரத்தில் நிற்பவருக்கும் தன் முறை வரும் என்று தெரியும். அதனால் ஓரத்தில் நின்றவர்களும் சும்மா நிற்கவில்லை. மனோகர் வசனம் சொல்லும்போதே உடம்பை வெட்டி வெட்டி ஆட்டுவதும், சாமிநாதன் மிகத் தீவிரமான முகத்தோடு அபத்தத்தைச் சொல்வதும் அப்படித் தேறி வந்தவை. நடுவில் நின்ற சந்தானம் அதைத் தடுக்கவில்லை, அதற்கு எதிர்வினை கொடுத்தார்.

சந்தானம் 2004-க்குப் பிறகு சினிமாவில் உயர்ந்தார். ஒருவர் மேலே போனதும் குழு சிதறுவதுதான் வழக்கம். இங்கே கொஞ்சம் வேறு மாதிரி நடந்தது. சாமிநாதன், மனோகர், மாறன், சேஷு என்று பழைய முகங்கள் அவர் படங்களில் தொடர்ந்து வந்தன. ராம்பாலா 2016-இல் இயக்கிய படத்தின் நாயகனும் சந்தானமே. 2024 மார்ச்சில் சேஷு காலமானபோது செய்திகள் எல்லாம் அவரை 'லொள்ளு சபா சேஷு' என்றே குறிப்பிட்டன. நிகழ்ச்சி முடிந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருந்தன.

பிறகு வந்த 'அது இது எது' நிகழ்ச்சியின் 'சிரிச்சா போச்சு' சுற்று இன்னொரு வகை. எதிரே உட்கார்ந்திருக்கும் பிரபலங்கள் சிரித்துவிட்டால் தோல்வி. ரோபோ சங்கர், வடிவேல் பாலாஜி, அமுதவாணன், ராமர் போன்றவர்கள் வேஷம் கட்டி வருவார்கள். சிரிக்கக் கூடாது என்று உறுதியாக இருப்பவரைச் சிரிக்கவைக்கத் தனி ஆளால் ஆகாது. ஒருவர் சொன்னது விழவில்லை என்றால் அடுத்தவர் அதையே பிடித்துக் கிண்டல் செய்து, விழாத ஜோக்கையும் ஜோக்காக்குவார். சொதப்பலைக் கூட்டாளி காப்பாற்றுகிறார், கட்டியக்காரன் செய்தானே, அதே வேலை. இவர்களில் பலர் ஊர்த் திருவிழா மேடைகளில் தேறியவர்கள். வடிவேல் பாலாஜி 2020-இலும் ரோபோ சங்கர் 2025-இலும் மறைந்தார்கள். அவர்கள் நடித்த அந்தக் காட்சிகளை, இருவரும் இல்லாத இப்போது பார்க்கும்போது, அவர்கள் ஒருவருக்கொருவர் எவ்வளவு இடம் விட்டார்கள் என்பதுதான் எனக்கு முதலில் தெரிகிறது.

2019 நவம்பரில் வந்த 'குக் வித் கோமாளி' கண்டுபிடித்தது எளிமையான ஒரு தந்திரம். சமைக்கத் தெரிந்தவரோடு சமைக்கத் தெரியாத கோமாளியை ஜோடி சேர்த்தார்கள். கோமாளிக்கு "சிரிக்கவை" என்ற சுமை நேரடியாக இல்லை. வெங்காயம் நறுக்க வேண்டும், அவ்வளவுதான். கைக்கு வேலை இருந்தால் நடிகரின் பதற்றம் பாதியாகக் குறையும். ஜோடி மாறிக்கொண்டே இருந்ததால் எல்லோருக்கும் எல்லோரோடும் பழக்கம் வந்தது. போட்டி என்ற பெயரில் நடந்தாலும் அதில் மக்கள் பார்த்தது உறவைத்தான்.

சம்பளமும் நட்பும்

நட்பைப் பற்றிப் பேசும்போது பணத்தைத் தவிர்க்க முடியாது. 'ஃப்ரெண்ட்ஸ்' என்ற அமெரிக்கத் தொடர் 1994 முதல் 2004 வரை ஓடியது. ஆறு நடிகர்கள், யாரும் தனிக் கதாநாயகன் கிடையாது. ஒளிபரப்பு தொடங்கும் முன்பே இயக்குநர் ஜேம்ஸ் பர்ரோஸ் ஆறு பேரையும் லாஸ் வேகாஸுக்கு அழைத்துப்போய் ஒன்றாகச் சாப்பிடவைத்தார். உங்களை யாரும் அடையாளம் காணாமல் நீங்கள் சுற்றப்போகும் கடைசித் தடவை இதுதான் என்று சொன்னாராம். பலரும் இந்தக் கதையோடு நிறுத்திவிடுகிறார்கள். முக்கியமானது இரண்டு ஆண்டு கழித்து நடந்தது. 1996-இல் ஆறு பேருக்கும் வெவ்வேறு சம்பளம். அப்போது அதிகப் புகழில் இருந்தவர்களில் ஒருவரான டேவிட் ஷ்விம்மர் தனக்கு மட்டும் கூடுதல் கேட்டிருக்கலாம். அவர் ஆறு பேரும் சேர்ந்து ஒரே தொகை கேட்போம் என்றார். மூன்றாம் சீசனிலிருந்து எல்லோருக்கும் ஒரு எபிசோடுக்கு 75,000 டாலர். கடைசி இரண்டு சீசனில் ஆளுக்கு ஒரு எபிசோடுக்கு 10 லட்சம் டாலர்.

இதில் எனக்குத் தெரிவது தாராள மனசு மட்டும் இல்லை. ஒரே சம்பளம் என்றதும் "இந்த வரியை எனக்குக் கொடு" என்ற இழுபறிக்குக் காரணம் குறைந்துவிடும். இந்த வாரம் நமக்கு நான்கு வரிதான் என்றாலும் நஷ்டமில்லை. அடுத்தவருக்கு எடுத்துக் கொடுப்பது இழப்பாகத் தோன்றாது. அந்தத் தொடரில் ஆறு பேரில் யார் பேசினாலும் மற்ற ஐந்து முகமும் உயிரோடு இருப்பதற்கு இந்த ஏற்பாடு ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

கலாய்ப்பின் எல்லை

நட்பு என்ற பெயரில் நடக்கும் ஒரு அநியாயத்தையும் சொல்லியாக வேண்டும். நம் காமெடி நிகழ்ச்சிகளில் கறுப்பாக இருப்பவரின் நிறம், பருமனானவரின் உடம்பு, புடவை கட்டிய ஆண் என்று மறுபடி மறுபடி அதே கலாய்ப்பு. கேட்டால் "நம்ம பையன்தான், தப்பா எடுத்துக்கமாட்டான்" என்பார்கள். அவனால் தப்பாக எடுத்துக்கொள்ள முடியுமா என்று யாரும் கேட்பதில்லை. எடுத்துக்கொண்டால் அடுத்த எபிசோடுக்கு அழைப்பு வராது.

கூத்தில் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கட்டியக்காரன் ராஜாவைக் கிண்டல் செய்வான், ராஜா கட்டியக்காரனை அதட்டுவார், அவன் ஓடுவான், திரும்பி வந்து மறுபடி வம்பிழுப்பான். இருவருக்கும் முறை உண்டு. கிண்டல் பெரும்பாலும் கீழிருந்து மேலே போகும். இந்த அளவுகோலை எந்தத் தொலைக்காட்சிக் காட்சிக்கும் வைத்துப் பார்க்கலாம். கலாய்க்கப்பட்டவருக்குத் திருப்பிக் கொடுக்க ஒரு வரியாவது இருக்கிறதா? அவர் "இது வேண்டாம்ண்ணா" என்று சொன்னால் அந்த வரி ஸ்கிரிப்டிலிருந்து போகுமா? இரண்டுக்கும் இல்லை என்றால் அங்கே இருப்பது தோழமை இல்லை, ஒருவர் வாயை அடைத்து மற்றவர்கள் சிரிப்பது.

சேர்ந்து சிரிப்பது உடம்பையும் தொடுகிறது. பிரிட்டிஷ் ஆய்வாளர் ராபின் டன்பார் குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், நகைச்சுவைக் காட்சி பார்த்துச் சிரித்தவர்களுக்கு வலியைத் தாங்கும் அளவு கூடியிருந்தது. மூளையில் சுரக்கும் எண்டார்ஃபின் காரணம் என்று அவர்கள் விளக்கினார்கள். உறவை இறுக்குவதும் அதே சுரப்பின் வேலைதான். ஒரு குழுவில் ஒருவர் மட்டும் சிரிக்காமல், சிரிப்பதாக நடித்துக்கொண்டிருந்தால் அவர் அந்த இறுக்கத்துக்கு வெளியே நிற்கிறார் என்று பொருள்.

இங்கே என்ன நடக்கிறது

தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் திறமைக்குப் பஞ்சமில்லை. கல்லூரி விழாக்களிலும் மாங்கனிக் கண்காட்சி மேடையிலும் பார்க்கிறோம். ஆனால் சேனல் ஆடிஷனுக்குப் போகிறவர்கள் அநேகமாகத் தனியாகப் போகிறார்கள். இரண்டு நிமிடத்தில் ஐந்து நடிகர்களின் குரல். குரல் பிசிறில்லாமல் வரும். பிறகு "இவரோடு சேர்ந்து ஒரு சின்ன சீன் பண்ணுங்க" என்று கேட்டால் திணறிவிடுகிறார்கள். எதிரில் இருப்பவரைக் கேட்கும் பழக்கமே இல்லாமல் வளர்ந்த திறமை அது.

சேர்ந்து பழகுவதற்கு இங்கே நடைமுறைத் தடைகளும் உண்டு. ஒருவர் ஓசூர் சிப்காட்டில் நைட் ஷிஃப்ட், ஒருவர் பெங்களூரில் கட்டட வேலை, ஒருவர் அரூரில் கல்லூரி. எல்லோரும் சேரும் நாள் பொங்கலும் ஊர்த் திருவிழாவும்தான். அதனால் வாட்ஸ்அப்பில் ஸ்கிரிப்டை அனுப்பி, வந்த அன்றைக்கே கேமராவை வைத்து எடுத்துவிடுகிறார்கள். ஒத்திகை என்ற ஒன்றே இல்லை.

மொழி இன்னொன்று. ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டு வெளியில் தமிழ் பேசும் பிள்ளைகள் நிறைய. தமிழ்க் காமெடியில் தங்கள் உச்சரிப்பைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று கூச்சப்பட்டு ஒதுங்குகிறார்கள். இந்த இடத்தில் வயோலா ஸ்போலின் என்ற பெண்மணியை நினைத்துக்கொள்கிறேன். சிகாகோவில் பல நாடுகளிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளோடு வேலை செய்தவர். பாஷை ஒத்துவராத பிள்ளைகளை ஒன்றாக நடிக்கவைக்கச் சின்னச் சின்ன விளையாட்டுகளை உருவாக்கினார். கண்ணாடிபோல எதிரில் இருப்பவரின் அசைவை அப்படியே செய்வது, கையில் இல்லாத பந்தைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பது போன்றவை. அவர் மகன் பால் சில்ஸ் 1959-இல் சேர்ந்து தொடங்கிய 'செகண்ட் சிட்டி' நாடகக் குழு அந்த விளையாட்டுகளின் மேல் நின்றது. 1975-இல் தொடங்கிய 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியின் முதல் நடிகர்கள் சிலர் அந்தக் குழுவில் தேறியவர்கள்தான். மூன்று மொழி பேசும் நம் மாவட்டப் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டுகள் தைத்த சட்டைபோலப் பொருந்தும்.

கிருஷ்ணகிரியில் சில மாணவர்கள் செய்த ஒத்திகை ஒன்றைச் சொல்ல வேண்டும். டீக்கடைக் காட்சி. இரண்டு பேர் பெண் பார்க்கப் போன கதையைப் பேசுகிறார்கள். மூன்றாமவன் டீ மாஸ்டர். வீட்டில் தெலுங்கு பேசுபவன், வசனம் வேண்டாம் என்று அவனே கேட்டு வாங்கிக்கொண்ட வேஷம். முதல் இரண்டு ஓட்டத்தில் பேசிய இருவரும் போட்டி போட்டுக் கத்தினார்கள். காட்சி எழவில்லை. பிறகு ஒரே ஒரு மாற்றம் செய்தார்கள். பேசுகிற இருவரும் ஒவ்வொரு வரிக்கு முன்பும் டீ மாஸ்டரை ஒருமுறை பார்க்க வேண்டும். அவன் கிளாஸ் கழுவிக்கொண்டே இருந்தான். "பொண்ணு எப்படி இருந்தா?" என்று ஒருவன் கேட்டான். மற்றவன் மாஸ்டரைப் பார்த்தான். மாஸ்டரின் கை நின்றது. தண்ணீர் மட்டும் கிளாஸிலிருந்து வழிந்துகொண்டிருந்தது. பார்த்தவன் தானாகக் குரலைத் தாழ்த்தி, "மாஸ்டர்... உங்க தங்கச்சிதானா அது?" என்றான். அந்த வரி ஸ்கிரிப்டில் இல்லை. ஒத்திகை பார்த்தவர்கள் எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். அதற்கடுத்த ஓட்டத்தில் மாஸ்டர் தெலுங்கிலேயே ஒரு வரி திட்டினான், யாரும் கேட்காமலே.

இப்படி மூன்று பேர், நான்கு பேர் கொண்ட குழுக்கள் இங்கே உருவாகி, யூடியூபில் தொடங்கி, ஆடிஷனுக்கும் சேர்ந்தே போக வேண்டும் என்பது என் ஆசை. அப்படித் தொடங்குபவர்கள் வீடியோ எடுப்பதற்கு முன்பே சில விஷயங்களைப் பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது. வீடியோ தலைப்பில் யார் பெயர் வரும்? பணம் வந்தால் எப்படிப் பிரிப்பது, எழுதியவருக்குத் தனிப் பங்கு உண்டா? சேனலிலிருந்து ஒருவருக்கு மட்டும் அழைப்பு வந்தால் மற்றவர்கள் என்ன செய்வது? யார் எந்தக் கிண்டலை ஏற்கமாட்டார்கள்? கூத்துச் செட்டில் சீசன் தொடங்கும் முன்பே அட்வான்ஸும் சம்பளமும் வேஷமும் பேசி முடிப்பது வழக்கம். ஒரு வெள்ளைத் தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட அரை மணி நேரம் போதும். பெங்களூரிலிருந்து பொங்கலுக்கு வருகிறவர் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் அதை முடித்துவிட்டு, மீதி நாளை ஒத்திகைக்கு வைத்துக்கொள்ளலாம்.